இரும்பைக் காக்கும் காகிதம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கருத்தரங்கு என்றால் மொழி, குடும்பம், சினிமா, இளைஞர் பிரச்சினை என்று ஏதாவது ஒன்று இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில் நான் துருவைப் பற்றிப் பேசப் போகிறேன். முன் வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒரு கணக்கை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். துருவாலும் அதைப் போன்ற உலோகத் தேய்மானத்தாலும் உலகம் ஓர் ஆண்டில் இழப்பது ஏறத்தாழ 2.5 டிரில்லியன் அமெரிக்க டாலர் என்று 2016-ஆம் ஆண்டில் நேஸ் என்ற அனைத்துலக அமைப்பு ஓர் ஆய்வறிக்கையில் சொன்னது. உலக நாடுகளின் மொத்த உற்பத்தியில் 3.4 விழுக்காடு. நூறு வெள்ளி சம்பாதித்தால் மூன்று வெள்ளிக்கு மேல் துரு தின்றுவிடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். இப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்திருக்கும்.

நான் பொறியியல் படித்தவள் அல்ல. பொதுமக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கிவிட்டுக் கேமராவுக்கு முன்னால் நிற்கிறவள். கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதுதான் என் தொழில். இந்த விஷயமும் அப்படிக் கிடைத்ததுதான். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி ஒரு விவரணப் படம் எடுக்கப் போனபோது, தேயிலையைவிட இரும்பு எனக்கு அதிகம் பாடம் சொன்னது.

கேமரன் மலைக்கு நம்மில் போகாதவர்கள் குறைவு. ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று வரிசையாக ஏறி, ஸ்ட்ராபெரி வாங்கி, சோளம் தின்று, தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக் கொண்டு இறங்குவோம். 1885-இல் வில்லியம் கேமரன் அளந்து எழுதிய மலை அது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டியது, சரிவில் கன்று நட்டது, கொழுந்து பறித்தது எல்லாம் பெரும்பாலும் நம் பாட்டன் பாட்டிமார். இன்றைக்குக் கூடை சுமப்பவர்களில் வங்காளதேசத்துத் தோழர்களும் நேபாளத் தோழர்களும் அதிகம். ஆனால் ஆலைக்குள், பட்டறைக்குள் போனால் இன்னும் தமிழ்க் குரல் கேட்கிறது.

நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பச்சைக்குப் பின்னால் ஓர் இரும்பு உலகம் இருக்கிறது. பறித்த கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். வாடியதை உருட்டு இயந்திரத்தில் போட்டுக் கசக்குவார்கள். பிறகு காற்றுப்பட வைத்து நிறம் மாற விடுவார்கள். அப்புறம் சூடான காற்றில் உலர்த்தி, சலித்து, தரம் பிரிப்பார்கள். ஒவ்வொரு படியிலும் தண்டு, பல்சக்கரம், பேரிங், சங்கிலி, கத்தி. இதில் ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். இரும்பு காத்திருக்கலாம், கொழுந்து காத்திருக்காது. பறித்த மறுநாளுக்குள் அது உலர்த்தியிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். இல்லையென்றால் புளித்த நாற்றம் அடிக்கத் தொடங்கிவிடும்.

ஒரு தோட்டத்துப் பட்டறை. பெயர் வேண்டாம். அங்கே மூத்த மெக்கானிக் ஐயா ஒருவர், பலகைப் பெட்டி ஒன்றைத் திறந்து எனக்குக் காட்டினார். உள்ளே உருட்டு இயந்திரத்துக்கான ஒரு தண்டு. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. சாதாரண பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். பிளாஸ்டிக்குக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். தண்டின் மேல், பேரிங் உட்காரும் இடத்தில் மட்டும் பார்த்துப் பூசினாற்போல் செம்பழுப்புத் துரு.

"உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடாதா ஐயா?" என்று கேட்டேன்.

"துரு போயிரும்மா. அளவும் சேர்ந்து போயிரும். ஒரு முடி அளவு குறைஞ்சா பேரிங் ஆடும். ஆடினா சூடாகும். சூடானா நிக்கும். அன்னைக்குப் பறிச்ச கொழுந்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

புதுத் தண்டு வர இன்னும் பல வாரங்கள். பழைய தண்டை வைத்து ஒப்பேற்றிக் கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டியை வாங்கக் கொடுத்த பணம், கப்பல் கூலி, லாரிக் கூலி எல்லாம் ஒரு சதுர அடி சரியான காகிதம் இல்லாததால் வீணாகிப் போனது. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அதற்கு முன்னால், மூடிய பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

கிள்ளான் துறைமுகத்தில் பிற்பகல் 32 டிகிரி வெயில், 75 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக் கொள்வோம். நமக்குப் பழகிப்போன புழுக்கம்தான். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 25 கிராம் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கிறது. அந்தக் காற்றோடு சேர்த்துக் கொள்கலனின் கதவைச் சாத்துகிறோம். லாரி தாப்பா வழியாக மலை ஏறுகிறது. கடல் மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே. இரவில் வெப்பம் 18 டிகிரிக்கு இறங்குகிறது. தானா ராத்தாவில் அதற்கும் கீழே போவது வாடிக்கை. 18 டிகிரிக் காற்றால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 15 கிராம் தண்ணீரைத்தான் தாங்க முடியும். மீதி 10 கிராம் எங்கே போகும்? இருப்பதிலேயே குளிர்ந்த பொருளைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். கொள்கலனில் அது இரும்புதான். இருபதடிக் கொள்கலனின் கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். பெருக்கிப் பாருங்கள், முந்நூறு கிராமுக்கு மேல். ஒரு பெரிய கோப்பைத் தண்ணீரை யாரும் அறியாமல் உள்ளே தெளித்ததற்குச் சமம்.

இது காற்றின் ஈரம் மட்டும். பெட்டிகளைத் தாங்கும் பலகைத் தட்டுகள் இருக்கின்றனவே, அவை சரியாக உலராத மரம் என்றால் கதை இன்னும் மோசம். 20 கிலோ எடையுள்ள ஒரு தட்டில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் இருந்தால் அதற்குள் 4 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. பகலில் சூடாகி ஆவி விடும், இரவில் கூரையில் பட்டுச் சொட்டும். கப்பல்காரர்கள் இதைக் கொள்கலன் மழை என்று சொல்வார்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே பெட்டிக்குள் பெய்கிற மழை.

இறங்கும்போதும் ஆபத்து உண்டு. மலையில் குளிர்ந்து கிடந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கக் கிள்ளானுக்குக் கொண்டு வந்து உடனே பிரித்தால், குளிர்பானப் பாட்டிலைப் போல அது வியர்க்கும். அனுபவசாலிகள் வந்த உடனே பிரிக்க மாட்டார்கள். ஓர் இரவு அப்படியே விட்டு, வெளி வெப்பத்துக்குப் பழகிய பிறகுதான் கட்டை அவிழ்ப்பார்கள்.

இரும்பு துருப்பிடிப்பதற்கு மழையில் நனைய வேண்டும் என்பதில்லை. 1930-களில் இங்கிலாந்தில் வெர்னான் என்ற ஆய்வாளர் இதை நிதானமாக அளந்து பார்த்தார். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினால் துருப்பிடிக்கும் வேகம் சடாரென்று ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய நீர்ப்படலம் இரும்பின் மேல் படிகிறது. அது போதும். இரும்பின் ஓர் இடம் கரைந்து மின்னணுக்களை விடுகிறது, பக்கத்து இடத்தில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக் கொள்கிறது. சின்னஞ்சிறு பேட்டரி மாதிரி ஆயிரக்கணக்கில் நடக்கும் வேலை இது. முடிவில் கிடைப்பது துரு. அது தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக் கொள்ளும். பேரிங் இறுகிப் போவது அதனால்தான்.

60 விழுக்காடு! கேமரன் மலையில் ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கும் நேரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். காலை மூடுபனியில் ஆலைக் கதவைத் திறந்தால் மேகமே உள்ளே வந்து உட்கார்ந்து கொள்கிறது. தேயிலைச் செடிக்கு அது அமிர்தம். இரும்புக்கு அப்படி இல்லை.

இனி, காலங்காலமாக நாம் செய்து வந்த வைத்தியங்களைப் பார்ப்போம். சாயம் பூசலாம், ஆனால் பேரிங் உட்காரும் தண்டிலும் பற்களிலும் சாயம் பூச முடியாது. துத்தநாகம் பூசலாம், கூரைத் தகரத்துக்குச் சரி, அளவு தவறக்கூடாத உதிரி பாகத்துக்குச் சரிவராது. மிச்சம் இருப்பது எண்ணெயும் கிரீஸும். எண்ணெய் நல்ல காவல்காரன்தான். ஆனால் பூசும்போது ஒரு வேலை, பொருத்துவதற்கு முன்னால் துடைத்துக் கழுவ இன்னொரு வேலை. கழுவிய எண்ணெயை எங்கே ஊற்றுவது என்பது அடுத்த கேள்வி. மலைச் சரிவில் ஊற்றினால் அது ஆற்றில்தான் போய் நிற்கும்.

தேயிலை ஆலைக்கு மட்டும் உரிய ஒரு சங்கடமும் உண்டு. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையைப் பஞ்சுபோல் உறிஞ்சும். சீனர்கள் மல்லிகைத் தேயிலை செய்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். மல்லிகைப் பூவைத் தேயிலையோடு கலந்து வைத்தால் பூவின் மணம் இலைக்குப் போய்விடும். மல்லிகை என்றால் சந்தோஷம். கிரீஸ் வாசனை என்றால்? அதனால்தான் உலர்த்திக்கும் சலிப்பு இயந்திரத்துக்கும் பக்கத்தில் எண்ணெய் விஷயத்தில் அத்தனை கெடுபிடி.

சரி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் என்ன? புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, சின்னச் சின்ன உருண்டைகள். அது ஈரத்தைத் தின்னும் பிராணி. வயிறு நிறைந்தால் நிறுத்திக் கொள்ளும். முழுவதும் காற்றுப் புகாத பெட்டி என்றால் பயன் உண்டு. பிளாஸ்டிக்கில் ஓர் ஊசித் துளை இருந்தாலும் கேமரன் மலைக் காற்று அதன் வயிற்றைச் சில நாளில் நிரப்பிவிடும்.

இங்கேதான் நம் காகிதம் வருகிறது. பார்ப்பதற்குச் சாதாரண பழுப்புக் காகிதம். ஒரு பக்கத்தில் ஒரு வகை வேதிப்பொருளைப் பூசியிருப்பார்கள். ஆவியாகித் துருவைத் தடுக்கும் பொருள் என்பது அதற்குத் தொழிற்சாலைக்காரர்கள் கொடுக்கும் பெயரின் அர்த்தம். சுருக்கமாக வி.சி.ஐ. என்பார்கள். காகிதமாகவும் வரும், பிளாஸ்டிக் உறையாகவும் வரும், டப்பாவுக்குள் போடுகிற சிறு பொட்டலமாகவும் வரும்.

அது வேலை செய்கிற விதம் நம் பூசை அறையில் தினமும் நடப்பதுதான். கற்பூர டப்பாவை மூடாமல் வைத்தால் என்ன ஆகும்? பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதி இருக்காது. உருகவும் இல்லை, எரியவும் இல்லை. திடப்பொருள் நேராக ஆவியாகிப் போய்விட்டது. நம் பாட்டிமார் அதற்காகத்தான் இரண்டு மிளகைப் போட்டு டப்பாவை இறுக்கி மூடி வைப்பார்கள். மிளகு வேலை செய்கிறதா, மூடி வேலை செய்கிறதா என்பதை இன்னொரு கருத்தரங்கில் வைத்துக் கொள்ளலாம். அதே மாதிரி இந்தக் காகிதத்தில் இருக்கும் பொருளும் மெதுவாக ஆவியாகிறது. உறைக்குள் அந்த ஆவி நிறைகிறது. மூலை முடுக்கு, துளை, திருகின் இடுக்கு எல்லாவற்றுக்கும் போகிறது. எண்ணெய்த் தூரிகை எட்டாத இடத்துக்கும் எட்டுகிறது. இரும்பின் மேல் படிந்திருக்கும் அந்த மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்து, இரும்பின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்வையாக ஒட்டிக் கொள்கிறது. தண்ணீர் இருக்கும், ஆக்சிஜனும் இருக்கும். ஆனால் இரும்போடு அவை செய்ய நினைக்கிற வியாபாரம் நடக்காது. சிலிக்கா ஜெல்லுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அது ஈரத்தை விரட்டப் பார்க்கிறது. இது, ஈரம் இருந்துவிட்டுப் போகட்டும், இரும்பைத் தொடாதே என்கிறது.

உறையைப் பிரித்துப் பாகத்தைப் பொருத்தினால் அந்தப் போர்வை தானே ஆவியாகிப் போய்விடும். துடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம். நேராக இயந்திரத்தில் மாட்டலாம்.

1940-களில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்த வகையில் ஒரு முக்கியமான பொருளை உருவாக்கினார்கள். டைசைக்ளோஹெக்சைலமின் நைட்ரைட் என்று வாயில் நுழையாத பெயர் அதற்கு. போர்க்காலத்தில் துப்பாக்கியும் இயந்திரமும் ஈரமான கடல்களைக் கடந்து போக வேண்டியிருந்தது. இறங்கிய இடத்தில் கிரீஸைச் சுரண்டிக் கொண்டு உட்கார நேரம் இருக்காது. அமெரிக்க இராணுவம் இதைப் பெரிய அளவில் எடுத்துக் கொண்டது. பிறகு கார் உதிரி பாகத் தொழில், எஃகுச் சுருள் வியாபாரம் என்று உலகெங்கும் பரவியது.

நம்மவர்களுக்கும் இந்தத் துறையில் நீண்ட தொடர்பு உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. செக்ரி என்பார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த வறண்ட மண்ணில் அது எழுந்தது. 1948 ஜூலையில் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். துருவைத் தடுப்பது அந்த நிறுவனத்தின் முக்கியமான ஆய்வுத் துறைகளில் ஒன்று. இந்தியாவில் எந்த ஊர்க் காற்று இரும்பை எவ்வளவு தின்னும் என்று ஊர் ஊராக உலோகத் தகடுகளை வைத்துப் பார்த்து, ஒரு வரைபடமே போட்டார்கள். மண்டபம் கடற்கரையிலும் அப்படித் தகடுகளை வைத்தார்கள். பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். 1914-இல் திறந்த அந்தப் பழைய ரயில் பாலம் உப்புக் காற்றோடு நூறு ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது. 2022 டிசம்பரில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைச் சாயமும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாலத்தைக் காகிதத்தில் சுற்ற முடியாதல்லவா!

சுற்ற முடிந்தவற்றுக்கு வருவோம். கிள்ளான், ஷா ஆலம், பினாங்கு பக்கம் கிடங்குகளில் பொட்டலம் கட்டும் வேலையில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது பார்த்துக் கொண்டிருந்தால் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். காகிதம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கட்டுகிற கை சரியில்லையென்றால் பயன் இல்லை.

முதலில் கையுறை. வெறும் கையால் பளபளப்பான எஃகைப் பிடித்தால், வியர்வை உப்பு அதில் ஒட்டும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் உங்கள் கைரேகை அப்படியே துருவாக எழுந்து நிற்கும். பட்டறையில் அந்த ஐயா எனக்கு ஒரு பல்சக்கரத்தைக் காட்டினார். ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தது. போலீஸ்காரர் வந்தால் கட்டியவரைக் கண்டுபிடித்துவிடலாம்!

அடுத்தது, பாகம் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். ஏற்கெனவே பிடித்த துருவை இந்தக் காகிதம் போக்காது. மறைக்கவும் செய்யாது. பூசிய பக்கம் உள்ளே இரும்பைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் மருந்து பெட்டிக்குப் போகும், இரும்புக்குப் போகாது. எது எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் காகிதத்தின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆவி நல்ல முறையில் வேலை செய்ய, காகிதம் பாகத்திலிருந்து ஏறத்தாழ ஓரடிக்குள் இருக்க வேண்டும். பெரிய இயந்திரத்தின் மேல் ஒரு தாளைப் போர்த்திவிட்டு வேலை முடிந்தது என்று போகக் கூடாது. உள்ளே குழிவுகள் இருந்தால் அங்கேயும் ஒரு துண்டு வைக்க வேண்டும். பிறகு வெளியே பிளாஸ்டிக் உறை போட்டு வாயை மூட வேண்டும். கற்பூர டப்பாவை நினைத்துக் கொள்ளுங்கள். திறந்து கிடந்தால் மருந்து ஊர் சுற்றப் போய்விடும்.

பலகையின் மேல் இரும்பை நேராக வைக்காதீர்கள். ஈர மரம் தண்ணீரை மட்டும் அல்ல, அமில ஆவியையும் விடும். இடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். இன்னொன்று சொன்னால் பத்திரிகைக்காரர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. நாளிதழைப் படித்துவிட்டு அதிலேயே கத்தியையும் திருகையும் சுற்றி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. நாளிதழ்க் காகிதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும், அமிலத் தன்மையும் அதில் இருக்கலாம். செய்திக்கு மட்டும் அதை வைத்துக் கொள்வோம்.

எல்லா உலோகத்துக்கும் ஒரே காகிதம் ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது. எஃகுக்கு நல்லது செய்யும் சில பொருள்கள் செம்பையும் பித்தளையையும் கறுக்க வைத்துவிடும். தேயிலை இயந்திரத்தில் எஃகுத் தண்டும் வெண்கலப் புஷ்ஷும் சேர்ந்தே வரும். அப்படி என்றால் பல உலோகங்களுக்கு ஏற்றது என்று குறித்திருக்கும் காகிதத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதுவரை காகிதத்தின் புகழ் பாடினேன். இனிச் சொல்லப் போவதைக் கேட்டால் சிலருக்குத் தூக்கிவாரிப் போடும்.

பட்டறையில் பிரித்துப் போட்ட இந்தக் காகிதம் பார்ப்பதற்கு நல்ல தடித்த, சுத்தமான பழுப்புக் காகிதம். கசங்கியிருக்காது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. வீட்டுக்குக் கொண்டு போய் அலமாரியில் விரிக்கலாம் என்று தோன்றும். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடலாம் என்று தோன்றும். அதைவிட மோசம், வடை சுற்றலாம், நாசி லெமாக் பொட்டலம் கட்டலாம் என்று தோன்றும். அதைச் செய்யவே கூடாது. ஆவியாகும் மருந்து சூடான எண்ணெய்ப் பலகாரத்தில் நேராக இறங்கும். பழைய வகைக் காகிதங்களில் இருந்த நைட்ரைட்டும் சில அமின்களும் சேர்ந்தால் நைட்ரோசமின் என்ற வகைப் பொருள்கள் உண்டாகலாம். அவற்றில் பல புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. ஜெர்மனியில் இந்தக் காரணத்துக்காகவே தொழிலிடங்களில் அத்தகைய கலவைகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இப்போது நல்ல தயாரிப்பாளர்கள் அந்தக் கலவைகளை விட்டுவிட்டு வேறு பொருள்களுக்கு மாறியிருக்கிறார்கள். சிலவற்றில் பென்சோவேட் வகை உப்புகள் இருக்கும். குளிர்பானப் பாட்டிலில் எழுதியிருக்குமே, சோடியம் பென்சோவேட் என்று, அந்தக் குடும்பம்தான். அதற்காக இந்தக் காகிதத்தில் வடை சுற்றலாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கையில் இருக்கும் தாள் எந்தக் காலத்தது, எந்தக் கலவை என்று பார்வையால் சொல்ல முடியாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கிறவருக்குத் தமிழ் தெரியும், மலாய் தெரியும், நேபாளி தெரியும், வங்காளம் தெரியும். அந்தப் பொடி ஆங்கிலத்தை யார் படிப்பது? இறக்குமதி செய்கிறவர்கள் ஒரு மண்டை ஓட்டுப் படமோ, தட்டில் குறுக்குக் கோடு போட்ட படமோ பெரிதாக அச்சடித்து ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? பத்துக் காசுச் செலவு.

தேயிலைக்கும் இதே எச்சரிக்கைதான். வாசனையை உறிஞ்சும் பொருள் என்று சொன்னேன் அல்லவா? உதிரி பாகக் கிடங்கும் தேயிலைக் கிடங்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. உணவில் படும் பாகமாக இருந்தால், உறையைப் பிரித்துச் சற்று நேரம் காற்றாட வைத்து, ஆலை விதிப்படி சுத்தம் செய்துவிட்டே மாட்ட வேண்டும். துடைக்க வேண்டாம் என்று சற்று முன் சொன்னது தண்டுக்கும் பல்சக்கரத்துக்கும். கொழுந்து படுகிற பாகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

பெரிய இயந்திரத்தையே பேசிக் கொண்டிருந்தால் சின்னக் கருவிகள் கோபித்துக் கொள்ளும். கவ்வாத்துக் கத்தியைப் பாருங்கள். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து செய்தால்தான் அது மரமாக வளராமல் இடுப்பளவில் நின்று கொழுந்து கொடுக்கும். வெட்டு வழவழப்பாக, ஒரே வீச்சில் விழ வேண்டும். துருப்பிடித்துப் பல்விழுந்த கத்தி கிளையைப் பிளந்துவிடும். பிளந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், அழுகல் இறங்கும். வெட்டுகிறவருக்கோ இரட்டிப்பு வேலை, தோள்வலி. கவ்வாத்து முடிந்தால் அந்தக் கத்திகள் மாதக் கணக்கில் ஸ்டோரில் கிடக்கும். அங்கேதான் துரு புகுகிறது. கழுவி, உலர்த்தி, ஒரு மூடியுள்ள தகரப் பெட்டியில் போட்டு, அதற்குள் இந்த மருந்துப் பொட்டலம் ஒன்றை வைத்தால் அடுத்த பருவத்தில் எடுத்த உடனே வெட்டலாம். வீட்டில் தச்சு வேலைக் கருவி வைத்திருப்பவர்களுக்கும், தையல் இயந்திரத்து உதிரிகளைப் பாதுகாக்கும் அம்மாமார்களுக்கும் இதே வழிதான். குழந்தைகள் கை எட்டாத இடத்தில் பெட்டி இருக்கட்டும்.

பழைய ஆட்கள் தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைப்பார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு வாரத்துக்கு அது போதும். நாலு மாதத்துக்கு என்றால் எண்ணெய் சிக்குப் பிடித்து, கறை ஏறி, துணி ஈரம் குடித்துவிடும்.

கடைசியாக, பட்டறைகளில் நான் கேட்ட ஒரு கேள்வி. "இந்தக் காகிதம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" மூடி வைத்த விதத்தையும் காகிதத்தின் தரத்தையும் பொறுத்தது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் பொட்டலத்தைப் பத்து முறை பிரித்து எட்டிப் பார்த்து மூடினால் அந்தக் கணக்கு செல்லாது. அதனால் அந்த மெக்கானிக் ஐயா இப்போது ஒன்று செய்கிறார். இந்தியாவுக்கு எழுதும் ஒவ்வொரு கொள்முதல் கடிதத்திலும், எந்தக் காகிதத்தில் சுற்ற வேண்டும் என்பதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறார். பெட்டி வந்ததும் மேலே பெரிய எழுத்தில், தமிழிலும் மலாயிலும், வந்த தேதியையும், தேவைப்படும் நாள் வரை திறக்காதே என்பதையும் எழுதி வைக்கிறார். திறந்தவர் தம் பெயரையும் தேதியையும் கீழே எழுத வேண்டும். சுண்ணாம்புக் கட்டி ஒன்று ஸ்டோர் கதவிலேயே கயிற்றில் தொங்குகிறது.